நார்வேயில கம்மி பட்ஜெட் பேக்பேக்கிங்: தவிர்க்க வேண்டிய தப்புகள்

நார்வே போறேன், கைல காசு கம்மி, இதான் ப்ளான்னு பசங்க அனுப்பறத பாத்தா நான் முதல் தடவை பண்ண அதே தப்புங்க வரிசையா வந்து நிக்குது. ரெஸ்டாரன்ட்ல சாப்பிடாதீங்க, தண்ணி பாட்டில் வாங்காதீங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விட்டுடறேன்.

டென்ட்டுலயும் ஸ்லீப்பிங் பேக்லயும் காசு மிச்சம் பிடிக்கறது

இத பாத்தாதான் எனக்கு இன்னும் கடுப்பாகுது. நார்வேல படுக்க இடம் இலவசம். 1957ல வந்த சட்டப்படி காடு, மலை, கடற்கரைன்னு பயிர் பண்ணாத திறந்தவெளில யார் வேணா டென்ட் போடலாம், பக்கத்து வீட்டுலருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கணும், ஒரே இடத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கணும்னா நிலத்துக்காரர்கிட்ட கேக்கணும், ஊரே இல்லாத மலைன்னா அதுவும் தேவையில்ல. (லோஃபோட்டன் தீவுங்க மாதிரி கூட்டம் அள்ளுற எடத்துல உள்ளூர் தடை இருக்கு, போர்ட பாத்துட்டு போடுங்க.) ஆக இருக்கறதுலயே பெரிய செலவு பூஜ்யம் ஆயிடுது, ஆனா அதுக்கு நம்ம டென்ட் அந்த ஊர் மழைய தாங்கணும்ல?

நம்ம ஆளுங்க கொடைக்கானல்ல ஒரு ராத்திரி தாங்கின டென்ட்டயே தூக்கிட்டு வந்துடறாங்க. மேற்குக் கரைல இருக்கற பெர்கன் நகரத்துல வருஷத்துல பாதி நாளுக்கு மேல மழை. அந்தப் பக்கம் ஒரு தடவை நாலு பசங்கள பாத்தேன், ஒத்த லேயர் டென்ட், தையல்ல டேப் கூட கிடையாது, நடுராத்திரி தரை வழியா தண்ணி ஏறி எல்லாம் சொதசொதன்னு ஆகி, விடியக்காலைல நடுங்கிட்டே போன்ல ரூம் தேடிட்டு இருக்காங்க. ஜூலை மாசம் அன்னிக்கே ரூம் வேணும்னா என்ன விலை சொல்வாங்க? துணி காயற வரைக்கும் ரூமுக்கு கொடுத்த காசுல ஒரு நல்ல டென்ட்டே வாங்கிருக்கலாம், எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஸ்லீப்பிங் பேக் லேபிள்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு டிகிரி போட்டிருக்கும். எக்ஸ்ட்ரீம்ங்கறது தூங்கறதுக்கான கணக்கு இல்லங்க, குளிர்ல செத்துப்போகாம இருக்கறதுக்கான கணக்கு, அத பாத்துட்டு மைனஸ் பத்து தாங்கும்னு வாங்கிட்டு வர்றவங்கள என்ன சொல்ல. கம்ஃபர்ட் மட்டும் பாருங்க. பெர்கன் ரயில் லைன்ல இருக்கற ஃபின்ஸே 1222 மீட்டர் உயரம், அங்க ஜூலைலயே பனி கிடக்கும், அதனால கம்ஃபர்ட் பூஜ்யம் டிகிரிக்கு கிட்ட இருக்கணும். டவுன்ங்கற பறவை இறகு அடைச்ச பேக் நனைஞ்சா சூடு போச்சு, மேற்குக் கரையோரமே சுத்தறதா இருந்தா சிந்தெடிக் எடுங்க, கொஞ்சம் கனமா இருந்தாலும் பரவால்ல. வாங்க முடியலயா, யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க, அதுவும் இல்லன்னா ட்ரிப்ப ரெண்டு நாள் கொறைங்க, இதுல மட்டும் கை வைக்காதீங்க.

ஃபியோர்டு பேக்கேஜ்

ஃபியோர்டு, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல், அத சுத்திக் காட்டறேன்னு விக்கற பேக்கேஜ்ல இருக்கறது எல்லாமே யாரும் டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய ரயிலு, படகு, பஸ்ஸுதான். எது வேணுமோ அத மட்டும் தனியா வாங்குங்க. மலை மேல இருக்கற மிர்டால் ஸ்டேஷன்லருந்து கீழ ஃபியோர்டோரம் இருக்கற ஃப்ளோமுக்கு ரயில் ரொம்ப விலை, ஆனா தூரம் வெறும் 20 கிலோமீட்டர், அதே பள்ளத்தாக்குல நடந்தே இறங்கிடலாம், கடல் மட்டம் வரைக்கும் 867 மீட்டர் இறக்கம், முழங்கால் வலிக்கும், அருவிங்க எல்லாம் பக்கத்துலயே இருக்கும்.

ரயில் டிக்கெட்

கடைசி நாள்ல வாங்காதீங்க. ஓஸ்லோ–பெர்கன் முன்னாடியே எடுத்தா பாதிக்கும் கீழ கூட கிடைக்கும்.

கேஸ் கேனிஸ்டர்

கேம்ப் அடுப்புக்கான இந்த கேஸ் டப்பாவ ஃப்ளைட்ல கைப்பைலயும் சரி, செக்-இன் பைலயும் சரி, ஏத்த முடியாது. அங்க போய் வாங்குங்க.

காட்டுல தீ மூட்டறது

ஏப்ரல் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுக்குள்ளயும் காட்டோரத்துலயும் தடை.

கார்டு மெஷின்ல ரூபாய தட்டறது

ரூபாயா குரோனரான்னு மெஷின் கேட்டா, நார்வே காசான குரோனர்லயே கட்டுங்க.

சாப்பாடு

ஞாயித்துக்கெழம சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடிருப்பாங்க, சனிக்கெழமையே ரேமா, கிவி மாதிரி சூப்பர்மார்க்கெட்ல வாங்கி வச்சுக்கங்க. வீட்டுலருந்து பருப்புப்பொடி எடுத்துட்டு வாங்க, சோறு வடிச்சா ராத்திரிக்கு அது போதும். நெய், பால் பவுடர், உப்புக்கண்டம்னு எதுவும் பையில போட்றாதீங்க, இந்தியாலருந்து பால் பொருளும் கறியும் உள்ள கொண்டுபோக அனுமதி இல்ல, ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க. பொடிக்கு நல்லெண்ணெய் ஊத்திக்கங்க.