சோஹோ வீட்டுச் செங்கலில் பூத்த உப்பு

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடம். அதில் புதுப்பித்த சொகுசு வீடு. பூசாத செங்கல் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, செங்கல் செதில் செதிலாக உதிர்ந்தது. பிளம்பர் இரண்டு நாள் தேடியும் குழாயில் கசிவில்லை. வார்னிஷ் அடித்தேன்; உதிர்வு கூடியது.

சாவியால் சுரண்டியபோதுதான் பிடிபட்டது. படிக்கட்டுப் பக்கப் பழைய சுவரில் செங்கல்களுக்கு இடையே உள்ள இடுக்குச் சாந்து மாவாக உதிர்ந்தது. என் சுவரில் கல்லாக இருந்தது. புதுப்பித்தவர்கள் சுண்ணாம்புச் சாந்தை எடுத்துவிட்டு சிமென்ட் வைத்திருந்தார்கள். ஈரம் இடுக்கு வழியே போக முடியாமல், மென்மையான பழைய செங்கல் வழியே வந்து உப்பை விட்டுச் சென்றது.

வார்னிஷை நீக்கி, சிமென்டைக் கை உளியால் எடுத்து (கட்டிங் மெஷின் வேண்டாம், செங்கல் விளிம்பு போய்விடும்), சுண்ணாம்பும் மணலும் கலந்து அடைத்தோம். உப்பை உலர்ந்த பிரஷால் மட்டும் தேய்த்தோம். அடுத்த குளிர்காலம் முழுக்க உப்பே இல்லை. அப்பாடா!