முதலில் குளம், பிறகு கொலை

மர்மக் குறும்படம் எடுக்க வெளிக்கிடும் வன்னிப் பிள்ளைகள் பலர் கதையை எழுதி முடித்த பிறகுதான் லொக்கேஷன் தேடுகிறார்கள். ஒரு பாழடைந்த வீடு, கொஞ்சம் புகை, இரவு. அந்தக் கதையைக் கொழும்பிலும் எடுக்கலாம், சென்னையிலும் எடுக்கலாம். மாற்றிச் செய்யுங்கள். முதலில் இடத்தைப் பிடியுங்கள், குற்றம் அதற்குள்ளிருந்து வரட்டும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையே எடுப்போம். மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரில் குளம் நிரம்பும், வான்கதவுகளைத் திறப்பார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, தண்ணீர் போய், ஆவணி புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும், மாடுகள் உள்ளே இறங்கி மேயும். இப்போது ஒருவர் மார்கழியில் கட்டாருக்குப் போய்விட்டார் என்று ஊரே நம்புகிறது. ஆவணியில் அவருடைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் சேற்றுக்கு மேலே தெரிகிறது. அதைக் கண்டுபிடிக்க மாடு மேய்க்கிற பெடியன் ஒருவன் போதும். இடையில் எட்டு மாதம் போய்விட்டதால், அந்த மனிதரின் வயலை வேறொருவர் விதைத்து வெட்டியும் இருப்பார். சந்தேகத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2017 முதல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் இருந்துகொண்டு, காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார்கள். அந்த வலியை ஒரு திருப்பத்துக்காகத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது சத்தம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் நெல் முற்றும் காலத்தில் இரவிரவாக யானை வெடி, அதாவது யானையை விரட்டப் போடும் வெடி, கேட்கும். காவல் கொட்டிலில் இருப்பவர் திரியைக் கொளுத்தி எறிவார், அரைத் தூக்கத்தில் இருக்கிற சனம் "ஆனை வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கும். அப்படிப்பட்ட இரவில் துவக்குச் சத்தத்தை யார் பிரித்தறிவார்? ஆனால் விடிய வயலுக்குப் போனால் வரம்பு உடையவில்லை, கதிர் மிதிபடவில்லை, யானை லத்தி இல்லை. யானை வராத வயலில் வெடி எதற்கு? கொலையை மறைத்த அதே வழக்கம்தான் கொலைகாரரைக் காட்டிக் கொடுக்கிறது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, படத்தின் தொடக்கத்திலேயே ஒரு சாதாரண இரவில் வெடி போட்டு, மறுநாள் காலை சிதைந்த வயலையும் காட்டிவிடுவதுதான். பார்ப்பவர்கள் அதை ஊர்க்காட்சி என்று நினைத்துக் கடந்து போகட்டும்.

1954இல் வந்த 'அந்த நாள்' படத்தைப் பாருங்கள். 1943இல் ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட நேரத்துக் கதை அது, கொலைக்கான காரணமே அந்த யுத்தத்துக்குள்தான் கிடக்கிறது. உங்கள் கதையையும் இப்படிச் சோதியுங்கள்: குளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மைதானத்தை வைத்தாலும் கதை நடக்கிறதா? நடந்தால் திரும்ப எழுதுங்கள்.

படப்பிடிப்பையும் குளத்தைப் பார்த்தே திட்டமிடுங்கள். நிரம்பிய குளமும் வற்றிய குளமும் ஒரே கிழமையில் கிடைக்காது. மழைக் காட்சிகளை மார்கழி, தையில் முடித்துவிட்டு ஆவணி வரை பொறுங்கள். குளக்கட்டில் கமராவை எங்கே வைத்தீர்கள் என்று அடையாளம் குறித்து வையுங்கள், அதே இடத்திலிருந்து இரண்டாவது முறையும் எடுக்க வேண்டும். நடிகரின் தலைமுடியையும் படம் பிடித்து வையுங்கள்.