பழவேற்காட்டுக்கு வண்டி எடுப்பதற்கு முன்

வடசென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடு பக்கத்து ஊர். திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக 50 கிலோமீட்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இவ்வளவு அருகில் இருக்கிறது. பக்கத்தில்தானே என்று எந்த விவரமும் கேட்காமல் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, பூநாரைகளை (ஃபிளமிங்கோ) ஊருக்குள் தேடுவது. பழவேற்காடு படகுத்துறையில் நின்றுகொண்டு 'ஒரு பறவையைக் கூடக் காணோமே' என்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைக் கூட்டத்தைச் சாலையிலிருந்தே பார்க்க வேண்டுமானால் தடா என்ற ஊரைத் தாண்டி சூலூர்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையைப் பிடிக்க வேண்டும். கூழைக்கடாக்களைப் பார்க்க ஆசை என்றால் அதற்கு அப்பால் நேலப்பட்டு சரணாலயம் இருக்கிறது. பழவேற்காட்டையும் சூலூர்பேட்டையையும் ஒரே பகலில் அடைக்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதுதான் சரி. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்தால் தொலைநோக்கியிலும் உருவம் நெளியும்.

பறவை கண்ணில் பட்டதும் அடுத்த தவறு நடக்கிறது. படம் எடுக்கச் சேற்றில் இறங்கி அருகே போகிறார்கள். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சிறு இறால்களையும் பாசியையும் வடிகட்டித் தின்னும் பறவை. வயிறு நிறைய வெகுநேரம் மேய வேண்டும். கூட்டம் பதறிப் பறக்கும் காட்சி படத்தில் அழகாக இருக்கலாம். பறவைக்கு அது மேய்ச்சல் கெட்ட நேரம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் பறவைச் சரணாலயம், மறுபக்கம் விண்வெளி மையம்.

கூடாரம் அடிப்பதற்கு வருவோம். கரையோரத்தில் வறண்டு, தட்டையாக, ஆளே இல்லாமல் கிடக்கும் திடலைப் பார்த்ததும் இதுதான் இடம் என்று தோன்றும். அது ஏரியின் படுகை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல் ஏற்றத்தோடு ஏரி நீரும் ஏறி இறங்கும். ஏரி ஆழமற்றது என்பதால் நீர் சற்று உயர்ந்தாலும் வெகுதூரம் பரவிவிடும். மேலே காய்ந்த ஓடு, அடியில் களிமண்; கார் சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டும். அது போக, சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்து தங்குவதும் தீ மூட்டுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொன்னேரியிலோ சூலூர்பேட்டையிலோ அறை எடுத்துத் தங்கி, இருட்டோடு கிளம்புவதையே நான் சொல்வேன். கூடாரத்தில்தான் தூங்க வேண்டும் என்றால், உரிமையாளரைக் கேட்டு ஒரு தோப்பில் அடியுங்கள். மணலில் முளை நிற்காது. கயிற்றை ஒரு சாக்குப் பையில் கட்டி, பையில் மணலை நிரப்பி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் கடற்காற்றுக்கும் அசையாது. குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

தை முதல் பங்குனி வரை கடற்கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறும் காலம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் திசை மாறி நிலத்துப் பக்கம் போகும். கடலோரத்தில் எல்.இ.டி. விளக்கும் நெருப்பும் கூடாது.

நான் மிகவும் வருந்துவது கண்ணாடி பாட்டில்களைப் பற்றித்தான். இந்த ஏரியில் இருளர் பெண்கள் வலையில்லாமல் இறால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, பறி எனப்படும் பனையோலைக் கூடையை வாயில் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி முன்னேறுகிறார்கள். விரல் நுனியில் இறால் துள்ளும்போது பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். கலங்கிய நீரில் அவர்களுக்குக் கண் விரல்தான். முந்தைய இரவு யாரோ வீசி உடைத்த பாட்டில் அந்தச் சேற்றில் கிடந்தால் என்ன ஆகும்? கை கிழிந்தால் பல நாள் வருமானம் போகும். கண்ணாடியில் எதையும் ஏரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வலை கட்டுவதற்காகத் தண்ணீரில் வரிசையாக நட்டிருக்கும் கழிகளிலும் கவனம் வேண்டும். அவற்றைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும், படத்துக்காகச் சாய்ந்து நிற்பதும் தவறு. மீனவர்கள் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பங்கிடும் 'பாடு' முறை இங்கே உண்டு. வலை கெட்டால் அந்தக் குடும்பம் தன் முறையை இழக்கும். அடுத்த முறை வரக் காத்திருக்க வேண்டும்.

படகு விஷயத்தில் யார் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 'கொஞ்ச தூரம்தானே, அண்ணன் பார்த்துப்பார்' என்று பேரம் பேசி மீன்பிடிப் படகில் குழந்தைகளை ஏற்றுவதைப் போன்ற பொறுப்பின்மை வேறில்லை. முகத்துவாரத்தில் குளிப்பதும் வேண்டாம்; ஏரியும் கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை வாரும்.

ராக்கெட் ஏவும் நாளா என்று முன்கூட்டியே பாருங்கள். அன்று மீனவர்களே கடலுக்குப் போக முடியாது, வண்டிகளுக்கும் கட்டுப்பாடு இருக்கக்கூடும். ஏவுதலைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் எச்சம் இப்போது புதர். அவர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. கல்லறைகள் மேல் ஏறி உட்கார வேண்டாம்.

திரும்பும்போது இருட்டுவதற்குள் மீஞ்சூரைத் தாண்டிவிடுங்கள். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்பதுண்டு; இரு சக்கர வண்டியில் வருபவர்களுக்கு அது பெரிய ஆபத்து. நேரமாகிவிட்டால் பொன்னேரியிலேயே தங்கிவிடுங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தும் பழவேற்காடு போகலாம்.