ரோமானிய வெள்ளிக் காசைப் படிப்பது எப்படி?

ரோமானிய வெள்ளிக் காசுக்கு டெனாரியஸ் என்று பெயர். பழகுவதற்குப் பேரரசர் டைபீரியஸ் (கி.பி. 14–37) வெளியிட்ட காசு தோதானது. கோவை வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைத்த வகைகளில் இதுவும் ஒன்று. காசு கையில் இல்லையென்றால் தெளிவான படம் போதும். கையில் இருந்தால் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், மதிப்பே போய்விடும்.

படி 1: தலைப்பக்கம்
வலப்புறம் பார்த்த தலை. முடியில் லாரல் இலை மாலை. அதைக் கட்டிய நாடாவின் முனைகள் பிடரியில் தொங்கும்.

படி 2: சுற்றியுள்ள எழுத்து
கடிகார முள் சுற்றும் திசையில் படியுங்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள். எழுத்து லத்தீன்; ‘யு’ (U) வர வேண்டிய இடத்தில் ‘வி’ (V) வடிவம் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்தப் பெயர்களை வெட்டிவிடுவார்கள். டைபீரியஸுக்கே இரண்டு எழுத்துதான். விரித்துப் படித்தால், ‘டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன்’. அந்த அகஸ்டஸ் இவருக்கு முன்பிருந்த பேரரசர். இவர் அவர் பெற்ற மகன் அல்ல, தத்துப்பிள்ளை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார் போலும்.

படி 3: பூப்பக்கம்
இங்கே அவசரப்பட வேண்டாம். நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ரோமானியக் காசுகளில் பெண் உருவங்களின் முகம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அடையாளம் கையில்தான். தராசு பிடித்திருந்தால் நேர்மைக்குரிய எக்விடாஸ். சுக்கான் என்றால் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபார்ச்சூனா. பாம்புக்கு உணவூட்டினால் உடல்நலம் காக்கும் சலூஸ். நம் காசில் ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் இலைக்கிளை. பேரரசரின் தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள்; பெயர் பொறிக்கப்படவில்லை. சுற்றியுள்ள இரு சொற்களுக்குத் ‘தலைமைப் பூசாரி’ என்று பொருள். அது பேரரசரின் பட்டம்.

நாற்காலிக் கால்களையும் பாருங்கள். சில காசுகளில் வெறும் கோடு, சிலவற்றில் கடைசல் வேலைப்பாடு. ஆண்டுக் குறிப்பு இல்லாத இந்தக் காசை வகை பிரிக்க அந்தக் கால்கள்தான் உதவுகின்றன.

படி 4: எடையும் விளிம்பும்
எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சுத்தியலால் அடித்த காசு என்பதால் உருவம் ஓரம் தள்ளியிருப்பது குறையல்ல. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த போலி என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, அகஸ்டஸின் காசு ஒன்றைத் தேடி எடுங்கள்: நின்றிருக்கும் இரண்டு இளைஞர்கள், நடுவே கேடயங்கள், ஈட்டிகள். அவருடைய பேரன்கள் கையஸ், லூசியஸ்.