மிகாஸ்: டோர்டியாவும் முட்டையும் காய்கறியும் சேர்ந்த டெக்சஸ் காலை உணவு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், அதிலும் ஆஸ்டின் நகரத்தில், காலை உணவுக் கடைகளில் மிகாஸ் சர்வசாதாரணம். டோர்டியா என்பது நம் சப்பாத்தி போன்ற மெக்சிகோ ரொட்டி. மீந்துபோன மக்காச்சோள டோர்டியாவைப் பொரித்து, காயும் முட்டையும் சேர்த்துக் கிளறினால் மிகாஸ். நம் முட்டைக் கொத்துப் பரோட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவின் சிலாகிலெஸ் வேறு பண்டம். அதில் டோர்டியா சாஸில் ஊறும். இதில் ஊறினால் கெட்டது. இறைச்சி சேராததால் அங்கே இதைச் சைவம் என்பார்கள். முட்டை சைவமா என்ற பஞ்சாயத்தை அவரவர் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு பேருக்கு வேண்டியவை: மக்காச்சோள டோர்டியா 4, முட்டை 4, சின்ன வெங்காயமாக இல்லாமல் பெரிய வெங்காயம் பாதி, குடைமிளகாய் பாதி, தக்காளி 1, ஹலபீனோ மிளகாய் 1 (பச்சை மிளகாயும் போதும்), துருவிய செடார் சீஸ் ஒரு கைப்பிடி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, கொத்தமல்லித் தழை. கோதுமை டோர்டியா வேண்டாம். முட்டை பட்டதும் தொளதொளத்துவிடும்.

முதலில் டோர்டியாவை விரல் அகலத்துக்கு வெட்டி, அரைமணி நேரம் தட்டில் பரப்பி உலர விடுங்கள். முந்தைய நாள் டோர்டியா என்றால் அதுவும் தேவையில்லை. தக்காளியின் விதையையும் சாற்றையும் வழித்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். முட்டையை உப்புப் போட்டு அடித்து வையுங்கள். சீஸிலும் உப்பு உண்டு, கை தாராளம் வேண்டாம்.

அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மிதமான தீயில் டோர்டியாத் துண்டுகளைப் போடுங்கள். முதலில் துவண்டு கிடக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகி, கரண்டி பட்டால் சலசலவென்று சத்தம் வரும். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: ஓரம் மொறுமொறுவென்றும் நடு கொஞ்சம் மெல்லும்படியும் இருந்தால் சரி. முழுக்க அப்பளம்போல் நொறுங்கும்வரை விடாதீர்கள். எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

அதே எண்ணெயில் வெங்காயம், குடைமிளகாய், மிளகாய் வதங்கட்டும். அப்புறம் தக்காளி. வாணலியின் அடியில் ஈரம் தெரியாமல் போகும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் அந்தத் தண்ணீர் முழுவதையும் டோர்டியா குடித்துவிடும்.

இப்போது தீயைக் குறைத்து, டோர்டியாவைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. உடனே முட்டையை ஊற்றுங்கள். பத்து வினாடி தொடாமல் விட்டு, பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளுங்கள். முட்டை பெரும்பாலும் திரண்டு, மேலே லேசாக மினுமினுக்கும்போதே சீஸைத் தூவி அடுப்பை அணையுங்கள். மீதி வேலையை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும்.

கொத்தமல்லி தூவி, சால்சாவோடு (தக்காளியும் மிளகாயும் சேர்ந்த மெக்சிகோச் சட்னி) சுடச்சுடப் பரிமாறுங்கள். சால்சா பக்கத்தில்தான் இருக்க வேண்டும், மேலே ஊற்றக் கூடாது. டெக்சஸில் மசித்து வதக்கிய பீன்ஸும் தட்டில் வரும். டப்பாவில் வாங்கினால் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்வதும் உண்டு.