தீபாவளிக்குத் தோட்டத்தைப் பெருக்குமுன்: வலசைப் பறவைகளை விரட்டும் தவறுகள்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் புதிய பறவைகள் இறங்கத் தொடங்குகின்றன. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் ஆறுமணிக்குருவி வருகிறது. கிழக்காசியாவிலிருந்து கொடிக்கால் வாலாட்டி வருகிறது. அரசவால் ஈப்பிடிப்பானும் செந்தலைப் பூங்குருவியும்கூட, மரம் செறிந்த தெரு என்றால் நகரத்து வீட்டின் பின்புறத்துக்கு வந்துவிடும். இவை வரும் அதே வாரங்களில்தான் நாம் தீபாவளிக்காக வீட்டைச் சுத்தம் செய்கிறோம். சுத்தம் தோட்டத்துக்கும் நீள்கிறது: சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம், புதரை வெட்டுகிறோம், பூச்சி மருந்து அடிக்கிறோம். அதன் பிறகு ஒரு தட்டில் அரிசியை வைத்துவிட்டு, காக்கையும் புறாவும் மட்டுமே வருகின்றன என்று வருந்துகிறோம்.

சருகைப் பெருக்கி எரிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆறுமணிக்குருவி தரையில் தத்திச் சென்று, காய்ந்த இலைகளை அலகால் புரட்டி, அடியிலிருக்கும் மண்புழு, வண்டு, கரையான் ஆகியவற்றைத் தின்னும் பறவை. செந்தலைப் பூங்குருவிக்கும் கொடிக்கால் வாலாட்டிக்கும் இரை அங்கேதான். பெருக்கித் தெளித்த மண்தரை இவற்றுக்குக் காலியான அடுக்களை. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் ஆண்டுதோறும் ஆறுமணிக்குருவி தென்படுகிறது. அங்கே தானியம் தூவி யாரும் அதை அழைக்கவில்லை. மரநிழலும் அதன் கீழே மட்கும் இலையும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

சருகு என்றதும் பாம்பு நினைவுக்கு வருவது நியாயமே. வாசலையும் நடைபாதையையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் சுத்தமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் மாமரத்தடியிலோ கொய்யா நிழலிலோ பத்தடிக்குப் பத்தடி இடத்தை மட்டும் மார்கழி, தை வரை தொடாமல் விடுங்கள். செங்கல் குவியலும் பழைய விறகும் அங்கே வேண்டாம். எலி தங்கும் இடத்தைத் தேடித்தான் பாம்பு வரும். எலிக்காக நஞ்சு வைப்பதும் தவறு. நஞ்சு தின்று தள்ளாடும் எலியை ஆந்தையோ கூகையோ பிடித்தால் அதன் உயிருக்கும் ஆபத்து. எலி பிடிக்கும் பசைத் தட்டைத் திறந்த வெளியில் வைத்தால் சிறு பறவைகள் அதில் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

பூச்சி மருந்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அரசவால் ஈப்பிடிப்பான் பறக்கும் பூச்சிகளை நம்பி வருகிறது. பூச்சி இல்லாத தோட்டத்தில் அதற்கு வேலையில்லை.

அடுத்து தானியம். கம்பும் தினையும் வைத்தால் சிட்டுக்குருவியும் சில்லையும் வரும், அது நல்லதுதான். ஆனால் அரிய விருந்தாளிகள் பலவற்றுக்குத் தானியம் உணவே அல்ல. அளவுக்கு மீறித் தூவினால் புறாக்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடிக்கும், அது பறவைகளுக்கு நோய் தரும். அன்றைக்குத் தின்று தீரும் அளவு மட்டும் வைத்து, மிச்சத்தை மாலையில் அள்ளிவிடுங்கள். உப்புப் போட்ட மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் எதுவும் வேண்டாம். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால் அதை மொட்டை மாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்போடு இறங்கும் ஆறுமணிக்குருவியைக் காக்கைகள் கூட்டமாகத் துரத்திக் கொத்துவது உண்டு. அதனால் பின்தோட்டத்துக்கு அவற்றைப் பழக்கக் கூடாது.

உணவு வைக்கும் ஆசை இருந்தால் மரமாக வையுங்கள். தேன்பழ மரம், சிங்கப்பூர் செர்ரி என்று சிலர் சொல்வது, ஆண்டில் பெரும்பகுதி பழுக்கும். குயிலும் மாங்குயிலும் மலர்க்கொத்தியும் அதைத் தேடி வரும். இடம் குறைவென்றால் செம்பருத்தியும் மருதாணியும் போதும். ஒன்று தேன்சிட்டுக்கு, மற்றது ஒளிந்துகொள்ள. உன்னிச்செடியின் பழத்தையும் பறவைகள் விரும்பும், ஆனாலும் அதை நடாதீர்கள். அது நம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் அயல் களை. அதன் விதையைக் காட்டுக்குக் கொண்டுபோவதும் அதே பறவைகள்தான்.

தண்ணீரில் நடக்கும் தவறு ஆழம். வாளியும் ஆழமான தொட்டியும் சிறு பறவைக்கு ஆபத்து. ஓரிரு அங்குலம் மட்டும் நீர் நிற்கும் மண்தட்டு, நடுவில் ஒரு சொரசொரப்பான கல், அது போதும். புதரை ஒட்டியே வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். சில அடி தள்ளி, ஆனால் ஓடி ஒளியக் கிளை எட்டும் தூரத்தில் வையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள், தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், நீரைக் கொட்டினால் மட்டும் போகாது. மழை பெய்யும் நாட்களில் இந்தத் தட்டை யாரும் சீண்டாவிட்டால் மனம் தளர வேண்டாம். மழை ஓய்ந்து தை, மாசியில் நிலம் காயும்போதுதான் அதன் அருமை தெரியும். அரசவால் ஈப்பிடிப்பான் பிற்பகலில் பறந்தபடியே நீரில் பாய்ந்து குளிப்பதைப் பார்க்க அப்போது வாய்ப்பு அதிகம்.

பறவையை வரவழைக்க அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவது கொடுமை. ஆறுமணிக்குருவி வலசை வந்த இடத்திலும் தனக்கென எல்லை வகுத்துக் காக்கும் பறவை. போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று எண்ணி இரைதேடலை விட்டுவிட்டு அலையும். விடியலிலும் அந்தியிலும் அது தானாகவே கூவும், காத்திருந்தால் கேட்கும்.

இது இரவில் பயணம் செய்யும் பறவை. தோட்ட விளக்குகளை இரவு முழுவதும் எரியவிட்டால் திசை தடுமாறும். சன்னல் கண்ணாடியில் தெரியும் மரநிழலை உண்மையென்று நம்பி மோதும். ஒற்றைப் பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயன் குறைவு. கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருக்க வேண்டும்.

மோதியோ களைத்தோ ஆறுமணிக்குருவி ஒன்று வீட்டுக்குள் வந்து விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் பாலும் வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்துவிட்டால், காக்கைகள் அடைந்தபிறகு அந்தியில் புதரருகே திறந்துவிடலாம். இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.