எவர்சில்வர் குடமும் எதிர்காலமும்: சிட் மீட் வழியில் வரைவது

எதிர்கால உலகை வரைந்த அமெரிக்க ஓவியர் சிட் மீட் என்றதும் பலருக்கு, அவர் வடிவமைப்பில் பங்காற்றி 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் மழை நனைந்த இருட்டுத் தெருக்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கு அவருடைய ஓவியங்களில் அடிக்கும் வெயில்தான் பிடிக்கும். 1959இல் ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர் அவர். உலோகத்தில் ஒளி எப்படி விழும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் படங்களைப் பார்த்து வரைந்து வரைந்து நான் கற்ற முறையைச் சொல்கிறேன்.

எதிர்காலப் படம் என்றதும் முதலில் வண்டியை வரையாதீர்கள். என் முதல் படத்தில் பறக்கும் கார் மட்டும் இருந்தது. மகள் பார்த்துவிட்டு, "இதுல யாருப்பா போறாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து விசேஷத்தைத்தான் முதலில் யோசிக்கிறேன். கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் 1875இல் தொடங்கியது. மீட் இன்னும் நடக்காத அதன் 200ஆவது பந்தயத்தையே ஓவியமாக்கினார். உங்கள் ஊர்த் திருவிழாவையும் அப்படி நூறு வருடம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தீப்பெட்டி அளவில் நாலைந்து பென்சில் படங்கள். இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என மூன்றே சாயல்கள் போதும். எது தூரத்திலிருந்தும் புரிகிறதோ, அதைப் பெரிதாக்குங்கள்.

மீட் பயன்படுத்தியது குவாஷ் என்ற, அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம். நமக்குப் போஸ்டர் கலர் போதும். கெட்டி மோர் பதத்தில் கரையுங்கள். காய்ந்தால் வெளிர் நிறம் சற்று இருளும், அடர் நிறம் சற்று வெளிறும். அதனால் ஒரு துண்டு அட்டையில் பூசி, காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் கை வையுங்கள்.

இனி குரோம், அதாவது கண்ணாடி போல் பளபளக்கும் உலோகம். ஓர் எவர்சில்வர் குடத்தை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். அதன் தோளில் வானத்தின் ஆழ்ந்த நீலம் தெரியும். கீழே வர வர நீலம் வெளிறும். சட்டென்று ஒரு கருங்கோடு வரும், அதுதான் அடிவானம். அதற்குக் கீழே தரையின் நிறம். வண்டியின் பக்கவாட்டிலும் இதே வரிசைதான். சாம்பல் நிறத்தைப் பூசினால் உலோகம் வராது, ஈயம்தான் வரும். பக்கத்தில் நிற்பவரின் சிவப்புப் புடவையையும் அந்த உலோகத்தில் ஒரு கீற்றாக இழுத்துவிடுங்கள். வண்டியும் ஆட்களும் ஒரே இடத்தில் இருப்பது அப்போதுதான் தெரியும்.

ஆட்களில் ஒருவராவது வண்டியைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கட்டும். அவர்களுக்கு அது நம்ம டவுன் பஸ் மாதிரிதானே!

வெள்ளைப் புள்ளி கடைசியில். சூரியன் நேராக அடிக்கும் ஒரே இடத்தில், மெல்லிய பிரஷ்ஷால் ஒரே ஒரு முறை.